காற்றுக்கு ஒரு பொத்தல்

நாற்பத்து நான்கு வயதில் எனக்குக் குழாய்ப் பைத்தியம் பிடித்தது. அதுவரை குழாய் என்றால் திருகினால் தண்ணீர் வரும், வராவிட்டால் யாரையாவது திட்ட வேண்டும் என்கிற அளவில்தான் என் அறிவு இருந்தது. இத்தனைக்கும் நான் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர்.

பைத்தியத்துக்குக் காரணம் அப்பாவின் கால். சீனி வருத்தம் முற்றி, பதுளை ஆஸ்பத்திரியில் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றபடியே வேலை செய்த மனுஷன். வார்டில் ஒன்றரை மாதம் கிடந்தார். அவ்வளவு நாளும் தன்னைக் குளிப்பாட்ட எவரையும் விடவில்லை. தாதி வந்தாலும் சரி, என் தம்பி வந்தாலும் சரி, ஈரத் துணியைக் கேட்டு வாங்கிப் போர்வைக்குள்ளேயே துடைத்துக்கொள்வார். வெட்டிய காலை எப்போதும் சாரத்தால் மூடி வைத்திருப்பார். மருந்து கட்டும்போது நான் பார்த்திருக்கிறேன். தம்பி பார்த்ததே இல்லை.

தம்பிக்குக் கொழும்பில் வேலை. மாடி வீடு, லிஃப்ட், இரண்டு குளியலறை. அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போய் வைத்துக்கொள்கிறேன் என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் வீடு ஒரு மலைமுதுகில் வரிசையாக இருக்கிற பதினான்கு தனி வீடுகளில் ஒன்று. ஒட்டி ஒட்டிக் கட்டிய பழைய லயத்து அறையை நினைத்தால் இது அரண்மனைதான். ஆனால் கக்கூஸும் குளிக்கிற இடமும் வீட்டுக்குப் பின்னால் பதினோரு படி இறங்கிப் போக வேண்டும். ஒற்றைக் காலோடு அந்தப் படியில் இறங்குவது நடக்கிற காரியமில்லை. அப்பா எங்கள் இரண்டு பேரையும் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டுத் தன் தீர்ப்பைச் சொன்னார்.

"நானே போயி நானே கழுவிக்கிற மாதிரி வீட்டுக்குள்ள தண்ணி இருந்தா, அங்கயே இருக்கேன். எம் பொண்ணு வாளி தூக்கி எனக்குக் கழுவுற நெலம வந்துச்சுன்னா, அன்னிக்கே கொழும்புக்கு வந்துர்றேன். அதுக்கு மேல பேச்சு இல்ல."

கொழும்பில் அவர் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். முன்னொரு முறை நான்கு நாள் தங்கப் போனவர், காலையில் எழுந்து கதவைத் திறந்தால் மலை இல்லையே என்று இரண்டாம் நாளே பஸ் ஏறி வந்துவிட்டார். அவரை அங்கே அனுப்புவது என்றால், மிச்சம் இருக்கிற உயிரையும் மெதுவாக எடுப்பது என்றே எனக்குப் பட்டது. அதனால் அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, அவருடைய அறையை ஒட்டிக் குளியலறை கட்டத் தொடங்கினேன்.

அப்புத்தளையிலிருந்து குழாய் வேலை செய்கிற ஒரு பாஸ் வந்தார். பேசாத மனிதர். நான் பேசுகிற மனுஷி. அவர் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, இது என்ன, அது எதற்கு என்று பிள்ளைகள் என்னைப் படுத்துகிற பாட்டை எல்லாம் நான் அவரைப் படுத்தினேன். வாஷ்பேசினுக்கு அடியில் குழாயை நேராக இறக்காமல், கீழே இறக்கி, வளைத்து மேலே ஏற்றி, பிறகுதான் சுவருக்குள் விட்டார். இடம் வீணாகிறதே என்று கேட்டேன். அவர் கையை நிறுத்தாமல், அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும், குழியில் இருக்கிற நாற்றமும் பூச்சியும் அந்தத் தண்ணீரைத் தாண்டி வீட்டுக்குள் வராது என்றார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீராலேயே ஒரு கதவு. திறக்க வேண்டியதில்லை, மூட வேண்டியதில்லை, துருப்பிடிக்காது. ஒவ்வொரு முறை கை கழுவும்போதும் பழைய தண்ணீர் போய்ப் புதுத் தண்ணீர் வந்து காவலுக்கு நிற்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் ஆச்சரியம்தான். கொமட்டின் தொட்டிக்குள் ஒரு மிதவை. தண்ணீர் ஏற ஏற அதுவும் ஏறி, நிரம்பியதும் வாயை அடைத்துவிடுகிறது. போதும் என்று தானாகச் சொல்லத் தெரிந்த ஒரு பொருளை எங்கள் வீட்டில் அதுவரை நான் கண்டதில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். திருகுமரையில் சுற்றுகிற வெள்ளை நாடா வெங்காயத் தோலை விட மெல்லிசு. அதுதான் ஒரு சொட்டு வெளியே வராமல் பிடித்து வைக்கிறது. மூன்று வாரத்தில் குழாயின் உள் வளையத்தை மாற்ற, மண் அடைத்த வடிகட்டியைக் கழற்றிக் கழுவ, எதைத் தொடுவதற்கு முன்னும் வால்வை மூட எல்லாம் கற்றுக்கொண்டேன். வேலை முடிந்து போகும்போது பாஸ், இனி இந்தப் பக்கம் எனக்குப் பிழைப்பு இல்லை என்று சிரித்துவிட்டுப் போனார். எங்கள் வரிசையில் யார் வீட்டுக் குழாய் சொட்டினாலும் எனக்குக் கை துறுதுறுத்தது.

அப்பா வீட்டுக்கு வந்தார். முதல் நாள் குளியலறை வாசலில் ஊன்றுகோலோடு நின்று உள்ளே ஒரு சுற்றுப் பார்த்தார். சுவரில் பதித்த பிடிகம்பியை ஆட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிறகு என்னை வெளியே போகச் சொல்லித் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார். அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தைக் கேட்டு நான் சமையலறையில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

வீட்டுக்குள் இருப்பதைப் படித்து முடித்ததும் வெளியே இருப்பது என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் மலைமுதுகில் ஊற்று கிடையாது. எதிர் மலையில், தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் வருகிறது. அதை ஒரு சிறிய சிமெந்துத் தொட்டியில் பிடித்துக் கறுப்புக் குழாயில் விட்டிருக்கிறார்கள். குழாய் அந்த மலையில் இறங்கி, வழியில் ஒரு பாறை மேட்டில் ஏறி இறங்கி, ஓடைப் பள்ளத்தின் அடிக்குப் போய், அங்கிருந்து எங்கள் மலையில் ஏறி, பதினான்கு வீட்டுக்கும் பொதுவான தண்ணீர்த் தாங்கியில் வந்து விழுகிறது. மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. பள்ளத்தில் விழுந்த தண்ணீர் தானாகவே மலை ஏறுகிறது. இந்தக் குழாய் லைன் போட்ட காலத்தில் தோட்டத்தில் பாதிப் பேர் இதை நம்பவில்லை. அப்பாவும் நம்பவில்லை. தாங்கியில் தண்ணீர் விழுந்த அன்று போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், இரண்டு நாள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஊற்று எங்கள் தாங்கியை விட உயரத்தில் இருக்கிறது, அதனால் தண்ணீர் தன் உயரத்தைத் தேடி ஏறுகிறது. இதை நான் கரும்பலகையில் எத்தனையோ தடவை படம் வரைந்து விளக்கியிருக்கிறேன். ஆனால் வாசலில் நின்று அந்த மலையையும் இந்த மலையையும் நடுவில் இருக்கிற பள்ளத்தையும் பார்த்தால், படம் ஒன்றுக்கும் உதவாது. மெய் சிலிர்க்கும்.

லைனைப் பார்த்துக்கொள்கிறவள் என் வகுப்புத் தோழி. முதலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒரே வாங்குப் பலகையில் இருந்தோம். பிறகு அவள் கொழுந்து பறிக்கப் போனாள், நான் படிக்கப் போனேன். தாங்கிக்குப் பக்கத்து வீடு என்பதால் லைன் அவள் தலையில் விழுந்தது. வாரத்துக்கு இரண்டு முறை ஊற்று வரை நடந்து போய் வருவாள். குழாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளி வெடிப்பு இருக்கிறது என்பாள். போய்ப் பார்த்தால் இருக்கும். அவள் சொல்வதைக் கேட்டு நான் ஆச்சரியப்பட்டால், "டீச்சரம்மா பொஸ்தகத்துல இது இல்லையா" என்று என்னைச் சீண்டுவாள்.

ஆகஸ்ட் மாதம். மழை இல்லை. ஊவாப் பக்கத்துக் காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்த நாட்கள். தோழியின் மகளுக்குப் பேறுகாலம் நெருங்கியதால், ஒரு வெள்ளிக்கிழமை அவள் மகளோடு பதுளைக்குப் போய்விட்டாள். மறுநாள் சனிக்கிழமை, யாரும் சொல்லாமல், நானாகவே லைனைப் பார்க்கப் புறப்பட்டேன். பையில் குறடு, கம்பி, வெள்ளை நாடா, பழைய சைக்கிள் டியூப். பெரிய பொறியியலாளர் என்று நினைப்பு.

ஊற்றை அன்றுதான் முதல் தடவை கிட்ட நின்று பார்த்தேன். பாறை இடுக்கிலிருந்து என் பெருவிரல் பருமனுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான். அந்த ஒரு விரல் தண்ணீரில்தான் பதினான்கு வீட்டுச் சோறும், பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையும், அப்பாவின் தாழ்ப்பாளும் இருக்கிறது. கோடையில் எல்லாம் காய்ந்து கிடக்க, இது மட்டும் யாருக்கும் கணக்குச் சொல்லாமல் வந்துகொண்டே இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். விஞ்ஞான டீச்சர் கும்பிடலாமா என்று யாராவது கேட்டால், அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வந்து கேளுங்கள் என்பேன்.

அந்தப் பரவசத்தோடு திரும்பி வரும்போதுதான் பாறை மேட்டில் அதைக் கண்டேன். குழாய் மேட்டில் ஏறி இறங்குகிற உச்சியில், அதன் முதுகில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு பொத்தல். அதில் ஓர் ஈர்க்குத் துண்டைச் செருகியிருந்தார்கள். ஈர்க்கைச் சுற்றித் தண்ணீர் சீறிச் சீறித் தெறித்துக்கொண்டிருந்தது. பாறையில் அந்த இடம் மட்டும் பாசி பிடித்துப் பச்சையாக இருந்தது. எத்தனை மாதமாக இப்படி ஒழுகுகிறதோ என்று எனக்கு வயிறு எரிந்தது. ஒரு விரல் தண்ணீரில் இப்படி வீணடிக்கலாமா? ஓட்டையை அடைக்கத் தெரியாமல் ஈர்க்கைச் செருகிவிட்டுப் போயிருக்கிறாளே என்று தோழியின் மேல் கோபம்கூட வந்தது.

ஈர்க்கைப் பிடுங்கி எறிந்தேன். குழாயைத் துடைத்து, டியூபைக் கீறி எடுத்து இறுக்கிச் சுற்றி, மேலே கம்பியால் கட்டி, வெயில் படாமலிருக்க மண்ணைப் போட்டு மூடினேன். ஒரு சொட்டு வரவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பெருமையடித்தேன். அவர் நல்லது செய்தாய் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வந்தது. திங்கட்கிழமை தாங்கியில் விழுகிற தண்ணீர் நூலாக மெலிந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் குழாய் இருமிவிட்டு நின்றது.

எல்லோரும் உடைப்பைத் தேடிப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஓடைப் பள்ளத்தில் கொஞ்சம் போஞ்சிக் கொடி போட்டிருக்கிறார். அவர்தான் பள்ளம் முழுக்க இறங்கி, காட்டுப்பன்றி கிண்டிய இடமெல்லாம் பார்த்துவிட்டு வந்தார். உடைப்பு எங்கேயும் இல்லை. ஊற்றுத் தொட்டியில் தண்ணீர் தளும்பி வெளியே ஓடுகிறது, குழாய்க்குள் மட்டும் போகவில்லை என்றார்கள். இது என்ன மாயம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவருடைய போஞ்சி மட்டும் வாடாமல் இருக்கிறதே என்று ஒரு பேச்சு கிளம்பியது. அவர் ஓடைத் தண்ணீரை வாளியில் மொண்டு ஊற்றுகிறார் என்று தெரிந்தும், நானும் அந்தப் பேச்சில் கலந்துகொண்டேன். அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவர் வீட்டுக்குள் போய்விட்டார். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

லயத்துக்குக் கீழே, மலைத் தண்ணீர் விழுகிற பழைய பீலி இருக்கிறது. மூங்கில் போய் இரும்புக் குழாய் வந்தாலும் பெயர் பீலிதான். பள்ளிக்கூடம் போவதற்கு முன் நான்கு நடை, வந்த பிறகு நான்கு நடை என்று நான் தண்ணீர் தூக்கினேன். அப்பாவின் குளியலறையில் ஒரு பீப்பாயை நிரப்பி வைத்தேன். சுமந்துகொண்டு படியேறும்போது அவர் ஜன்னலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் வேண்டுமென்றே சிரித்த முகமாக வருவேன். செவ்வாய்க்கிழமை மாலையே அவர் தம்பிக்குப் போன் பண்ணி, தண்ணீர் நின்றுவிட்டது, சனிக்கிழமை வேன் கொண்டு வா என்று சொல்லிவிட்டார். நான் சண்டை போட்டேன். நான்கு நாள் பொறுக்க முடியாதா, எனக்கு ஒன்றும் பாரமில்லை என்று கத்தினேன். அவர் சொன்னது சொன்னதுதான் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து அவருடைய படுக்கையைத் தட்டிப் போடும்போது, தலைமாட்டில் நான் காலையில் நிரப்பி வைத்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தேன். கழுத்து வரை நிறைந்திருந்தது. தேத்தண்ணீர்க் கோப்பையில் ஏடு படிந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே மண்ணில் ஈரம், அதில் கஞ்சிப் பருக்கை. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கக்கூஸுக்குப் போக வேண்டி வந்தால் நான் தூக்கிய தண்ணீரைச் செலவழிக்க வேண்டும். அதனால் அவர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பிய உடம்பு அது. உதடு வெடித்திருந்ததை நான் காற்றினால் என்று நினைத்திருந்தேன். அவரிடம் கேட்டால் உடைந்துவிடுவேன் என்று பின்பக்கம் போய் நின்றேன்.

அப்போதுதான் தோழி பதுளையிலிருந்து போன் பண்ணினாள். மகளுக்குப் பெண் பிள்ளை, இரண்டு பேரும் சுகம் என்றாள். அவளைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று இத்தனை நாள் யாரும் லைன் கதையை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. என் குரலைக் கேட்டு என்னவென்று கேட்டாள். சொன்னேன். உடைப்பு உண்டா என்று கேட்டாள், இல்லை என்றேன். ஊற்றில் தண்ணீர் உண்டா என்று கேட்டாள், தளும்புகிறது என்றேன்.

"அப்ப காத்துதான்," என்றாள். "கோடையில தொட்டி எறங்குனா குழாய் தண்ணியோட காத்தையும் இழுக்கும். அது போயி பாறை மேட்டுல உச்சியில குந்திக்கும். அதுக்குத்தான் அங்கன பொத்தல் போட்டு ஈர்க்கு குத்தி வச்சிருக்கேன். அது சீறுதான்னு பாத்தீங்களா?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அத நான் அடைச்சுட்டேன்டி."

"எதுக்கு?"

"ஒழுகுச்சு."

போனில் அவளுக்குப் பின்னால் ஏதோ ஒரு குழந்தை அழுதது. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அது ஒழுகல புள்ள. லைன் மூச்சு விடுறது அது வழியாத்தான். போ, போயித் தொறந்து விடு. அங்கன நின்னு எனக்குப் போன் போடு."

ஆறாம் வகுப்புக்கு நான் வருடா வருடம் ஒரு பரிசோதனை செய்து காட்டுவேன். கிளாசைக் கவிழ்த்து நேராகத் தண்ணீருக்குள் அமுக்கினால், உள்ளே இருக்கிற கடதாசி நனையாது. ஏன் நனையவில்லை பிள்ளைகளே, காற்று இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, தண்ணீரை உள்ளே விடாது. பதினெட்டு வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். மலையில் அதே காற்றை அதே மாதிரி அடைத்து வைத்துவிட்டு, பதினான்கு வீட்டைத் தண்ணீர் சுமக்க விட்டிருக்கிறேன். என் அப்பாவின் தொண்டையைக் காய விட்டிருக்கிறேன்.

முதலில் போஞ்சிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினேன். நான் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"டீச்சர் அடைச்சிருந்தா நல்லா இறுக்கித்தான் அடைச்சிருப்பீங்க. தனியா பிரிக்க ஏலாது, வாங்க போவோம்."

வழியெல்லாம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதுவே பெரிய மனசு.

மேட்டில் மண்ணை விலக்கினோம். குழாய் வெயிலில் சுட்டுக்கொண்டிருந்தது. தோழிக்குப் போன் போட்டேன். போனைக் குழாயின் மேல் வைக்கச் சொன்னாள். எங்கேயோ பதுளையில், ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்துகொண்டு, அவள் எங்கள் குழாயைக் கேட்டாள். மேட்டுக்கு இந்தப் பக்கம் வை, அந்தப் பக்கம் வை என்று மூன்று இடத்தில் வைக்கச் சொன்னாள். தண்ணீர் மேட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கிறது, அதற்கு மேல் வெறும் காற்று, கட்டை ஒரேயடியாக அவிழ்க்காதே, மெதுவாகத் தளர்த்து என்றாள். நான் குழாயில் காதை வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

கம்பியை அறுத்து டியூபைத் தளர்த்தினேன். காற்று வந்தது. அப்படி ஒரு சீற்றத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ரப்பர் வாடையோடு, சூடாக, என் விரலைத் தள்ளிக்கொண்டு வந்தது. நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. மூன்று நாளாக அந்த மேட்டில் உட்கார்ந்து பதினான்கு வீட்டையும் பிடித்து வைத்திருந்தது இதுதான். கண்ணுக்குத் தெரியாது, பிடிக்க முடியாது, ஒரு நிறமும் இல்லை. போஞ்சிக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். இரண்டு பேரும் கோயிலில் நிற்கிற மாதிரி நின்றோம்.

பிறகு சீற்றம் துப்பலாக மாறியது. நுரை வந்தது. கடைசியில் தண்ணீர் வந்து என் முகத்தில் அடித்தது. போனில் தோழி, "வந்துருச்சு, வந்துருச்சு, எனக்கும் கேக்குது" என்றாள். குச்சியைச் செருகு, ஆனால் இறுக்காதே, கொஞ்சம் சீற விடு என்றாள். ஈர்க்கை நான்தான் எறிந்துவிட்டேனே. போஞ்சிக்காரர் ஒரு தேயிலைக் குச்சியை ஒடித்துச் சீவிக் கொடுத்தார். செருகினேன். அது கொஞ்சம் காற்றையும் கொஞ்சம் தண்ணீரையும் துப்பிக்கொண்டே இருந்தது. அதைவிட அழகான ஒழுக்கை நான் இதுவரை கண்டதில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் கட்டில் காலியாக இருந்தது. குளியலறைக் கதவு மூடியிருந்தது, உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவைத் தட்டவில்லை. அவர் வெளியே வந்ததும் போத்தலை எடுத்துக் கையில் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்தவர், மறுபேச்சு இல்லாமல் பாதிக்கு மேல் குடித்தார்.

வெள்ளிக்கிழமை மற்றப் பதின்மூன்று வீட்டுக்கும் போய் என் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். சிலர் சிரித்தார்கள், ஒரு வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் தம்பிக்குச் சொன்ன சொல்லை அப்பா மாற்றவில்லை. நானும் கேட்கப் பயந்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வேன் வந்து நின்றது. தம்பி கையோடு ஒரு மடிப்புச் சக்கர நாற்காலியும் கொண்டுவந்திருந்தான். தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னேன். மறுபடி நின்றால் என்ன செய்வாய் என்று கேட்டான். அவன் கோபமாகக் கேட்கவில்லை, பயத்தில் கேட்டான். நிற்காது என்று சத்தியம் பண்ண எனக்கும் வாய் வரவில்லை. நின்றால் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரியும் என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு அப்பாவின் உடுப்புகளைப் பையில் அடுக்கத் தொடங்கினான். அப்பா குளியலறையில் இருந்தார். வாளியில் மொண்டு ஊற்றுகிற சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்குப் பிறகு அவர் தலையோடு குளிப்பது அதுதான் முதல் தடவை.

தம்பி கதவருகில் போய் நின்று, வேன் வந்துவிட்டது என்று சொன்னான். உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது.

"வேனப் போகச் சொல்லிட்டு வா," என்றார் அப்பா. "முதுகுக்குக் கை எட்டல. வந்து தேச்சு விடுடா."

தம்பி என்னைப் பார்த்தான். கையில் இருந்த சாரத்தைப் பையில் வைப்பதா, கட்டிலில் வைப்பதா என்று தெரியாமல் நின்றான். பிறகு அதைக் கட்டிலில் போட்டுவிட்டு, காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு உள்ளே போனான். வேன்காரரிடம் போய்ச் சொன்னது நான்தான்.